ஊசிக்கு முன்னால் ஒரு வீடு

கோவாலா, கிசுமு வழி
ஏப்ரல் 9

மரியாதைக்குரிய ஒபியெரோ அத்தான் அவர்களுக்கு,

அபோண்டி வணக்கத்துடன் எழுதுவது. மொம்பாசாவில் நீங்களும் ஜெரூஷா அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுள் துணையிருக்கட்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, சோளம் விதைத்தாயிற்று. எங்கள் குட்டி அவினோ நடக்கத் தொடங்கிவிட்டாள். கோழியைத் துரத்திக்கொண்டு போய் விழுந்து, விழுந்ததற்குக் கோழியைத் திட்டுகிறாள். நல்ல செய்திகள் இத்துடன் முடிந்தன.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். "அவருக்கு உடம்பு" என்று நான் ஆரம்பித்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. இத்தனை கப்பல்கள் வந்து போகிற துறைமுகத்தில் உங்கள் போனுக்கு மட்டும் சிக்னல் இல்லாமல் போவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் பிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி ஒகுட்டுவின் இடது நுரையீரலில் ஒரு கட்டி இருக்கிறது. புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். மார்பில் ஊசி செலுத்தித் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் அது என்ன வகை, என்ன மருந்து என்று தெரியும். வருகிற இருபத்தொன்றாம் தேதி எல்டோரெட்டில் அந்த ஊசி. ஒகுட்டு வர மாட்டேன் என்கிறார். காரணம் நீங்கள்.

கோபப்படாதீர்கள். கோபப்பட வேண்டிய முறை இப்போது என்னுடையது. முழுவதும் படியுங்கள்.

போன வருடம் மழைக்கு முன்பே இருமல் வந்தது. தச்சு வேலை, மரத்தூள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு சட்டை தொளதொளத்தது. சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்தார்கள், காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தது. உடனே காசநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். கிருமியே இல்லையே என்று கேட்டேன். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் அல்லவா, கேட்காமல் இருக்க முடியுமா? அந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "டீச்சரம்மா, இந்த ஏரிக்கரைல எவன் இருமினாலும் அது டீபிதான். பாடம் எடுக்கறதுன்னா உங்க பிள்ளைங்களுக்கு எடுங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு மாதம் அந்த மாத்திரை. பக்கத்து வீட்டு பெரிஸ் தினமும் காலையில் வந்து, அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நிற்பாள். தொற்றிவிடும் என்று அவினோவை அவர் மடியில் உட்கார விடக்கூடாது என்றார்கள். கைக்குழந்தை, அத்தான். அப்பாவின் குரல் கேட்டுத் தாவுவாள், நான் இழுத்து வைத்துக்கொள்வேன். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவார். பிறகு அந்தக் குரலும் கரகரத்துப் போனது. மாதா கோவில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர், இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே காற்றுதான் வருகிறது. ஒட்டவே ஒட்டாத நோய்க்காக என் பிள்ளையை அவளுடைய அப்பாவிடமிருந்து பிரித்து வைத்தார்கள். இதற்கு யார் பதில் சொல்வது?

மாத்திரை முடிந்தும் இருமல் நிற்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? "ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டாரு" என்று சொல்லி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பெரிஸுக்கே கோபம் வந்துவிட்டது. "நான் என்ன, கண்ண மூடிட்டா நின்னேன்?" என்று அங்கேயே சத்தம் போட்டாள். அந்தச் சுகாதார நிலையத்துச் சுவரில் இடமே இல்லை. மலேரியாவுக்கு ஒரு படம், எய்ட்ஸுக்கு மூன்று, காசநோய்க்கு ஒரு வரிசை. நுரையீரலிலும் புற்று வரும், இருமல் ஓயாவிட்டால் அதையும் பாருங்கள் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. சிகரெட் பெட்டியில் மட்டும் இருக்கிறது. அதனால் நம் ஊரில் அது சிகரெட் குடிப்பவர்களின் நோய். கோவிலில் ஒருத்தி என்னிடம் இரகசியமாக, "ஒளிச்சு ஒளிச்சு ஊதியிருப்பாரு, ஆம்பளைங்களப் பத்தி உனக்கென்ன தெரியும்" என்றாள். உங்கள் தம்பி ஒரு நாள்கூடப் புகைத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். புகைத்திருந்தால் மட்டும் சாகட்டும் என்று விட்டுவிடலாமா?

எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நானே எல்டோரெட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் செரோனோ என்று ஒரு அம்மா. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை தடவை டீபி மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். இரண்டாவது தடவை நடக்கிறது என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் இப்படித்தாம்மா வர்றாங்க. பாதி வருஷத்த வேற நோய்க்குக் குடுத்துட்டு வர்றாங்க" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி தெரிந்தது. சில வகைக் கட்டிகளுக்கு இப்போது தினம் ஒரு மாத்திரையே மருந்தாக இருக்கிறதாம், புகைக்காதவர்களுக்கு அந்த வகை வருவது உண்டாம். கிடைக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் சதையைப் பார்க்காமல் எதையும் தொடங்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் நியாங்வேசோ சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். மாமா போனபின் குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தானே. ஸ்கேன் படத்தை வாங்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து, தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மேகம்தான் தெரியுது, மழை வரும்போல" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இது சிரா. முறை தப்பினவன் உடம்ப அது இப்படித்தான் உருக்கும். மூத்தவன் வீடு எழும்பாம இளையவன் கூரை போட்டா வேற என்ன வரும்? மூத்தவன் வந்து கட்டட்டும். அதுக்கு முன்ன ஊசியக் குத்தினா காத்து உள்ள போயி உடம்பெல்லாம் பரவும்" என்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஊசிக்கு முதலில் குறித்துக் கொடுத்த நாளில் வாசலை மறித்து வந்து நின்றுகொண்டார். அந்தத் தேதி போயிற்று.

அவர் சொன்னதைவிட ஒகுட்டு அதை நம்புவதுதான் என்னை எரிக்கிறது. போன சனிக்கிழமை பள்ளியிலிருந்து வருகிறேன், இவர் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறியிருக்கிறார். தன் கையால் அடித்த தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சில்லாத மனிதர்! நான் கத்தினேன். "அண்ணனுக்கு வீடில்லாதப்ப எனக்கு எதுக்குடி வீடு? பிரிச்சுட்டா சரியாப் போயிடும்" என்றார். பாதியில் இருமல் வந்து தகட்டின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். சட்டையில் ரத்தம். "நீங்க இப்ப இறங்கலைன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு மேல வருவேன்" என்று ஏணியில் கால் வைத்த பிறகுதான் இறங்கினார். இறங்கி வந்து, "என் அண்ணன் முன்னால நின்னா நான் எந்த ஊசிக்கும் மார்பக் காட்டுவேன் அபோண்டி. அவர் வராம என்னால முடியாது" என்று சொன்னார். இப்போது படுக்கையறை மூலையில் மழை ஒழுகுகிறது. தொட்டிலை அடுக்களைக்கு மாற்றியிருக்கிறேன்.

மொம்பாசா போய் இத்தனை வருடம் ஆகிறது. வாசலுக்கு வலதுபுறம் உங்களுக்குரிய மனை புல் மண்டிக் கிடக்கிறது. நாங்கள் கட்டும்போது உங்களைக் கேட்டுத்தானே கட்டினோம்? "நான் பழைய கதையெல்லாம் நம்பறவன் இல்ல, நீ கட்டுடா" என்று தாராளமாகச் சொன்னீர்கள். எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நம்பாதவர் துறைமுகத்தில் நிம்மதியாக இருக்கிறார். நம்புகிறவர் இங்கே கூரை ஏறுகிறார்.

எனக்கும் இதில் நம்பிக்கை இல்லை. கட்டி எப்படி வளர்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள் நான். ஆனாலும் கேட்கிறேன். வந்து வீட்டைக் கட்டுங்கள். நம்பாதவருக்கு ஒரு வீடு கட்டுவதில் என்ன சங்கடம் இருக்க முடியும்? மாளிகை வேண்டாம். மண் சுவர், ஒரு கதவு, மேலே தகடு. விடிந்ததும் கம்பு நட்டால் பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிடும், நம் ஆட்களுக்கு அது புதிதல்ல. தகட்டுக்கு அலைய வேண்டாம், உங்கள் தம்பி பிடுங்கியவை சுவரோரம் அடுக்கித்தான் இருக்கின்றன. நீங்களும் அக்காவும் முறைப்படி ஒரு இரவு அதில் தூங்குங்கள். சித்தப்பாவுக்குச் சேவல் அடித்து, சோளமாவில் உகாலியும் கிண்டி வைக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிடட்டும். மறுநாள் காலை தம்பியின் கையைப் பிடித்து எல்டோரெட் வண்டியில் ஏற்றுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வாசலை யாரும் மறிக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி இங்கே இருந்தால் போதும். இந்தத் தேதியையும் விட்டால் ஊசியால் பயனிருக்குமா என்று தனக்கே தெரியாது என்றார் டாக்டர்.

எழுத வேண்டாம் என்றிருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நேற்று சித்தப்பா போகும்போது என் தலையில் கைவைத்து, "நீ கவலப்படாத மருமகளே. என்ன ஆனாலும் இந்தக் குடும்பத்துல ஆம்பளைங்க இருக்காங்க. உன்ன நடுத்தெருவுல விட்டுடுவோமா? தம்பி போனா அவன் பொண்டாட்டிய அண்ணன் ஏத்துக்கறதுதான நம்ம முறை. ஒபியெரோவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான்" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் கையை விலக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒகுட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இதுவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அத்தான், உங்கள்மேல் எனக்கு உள்ள மரியாதை என்றும் இப்போதிருப்பது போலவே இருக்க வேண்டும். வேறெந்த விதமாகவும் மாற வேண்டாம். இதற்குமேல் என்னை எழுத வைக்காதீர்கள். ஜெரூஷா அக்காவிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள், அவருக்குப் புரியும்.

உங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பாவைக் கடவுள் நீண்ட காலம் வைத்திருக்கட்டும். அவினோவுக்கும் அப்படியே.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவியாகவே கடைசிவரை இருக்க வேண்டுகிற
அபோண்டி