கீரனூரில் போட்ட ஓட்டு

அண்ணனுக்கு,

போன மாதம் ஒரு பதிவுத் தபால் வந்தது. தேர்தல் அலுவலகத்திலிருந்து, நம் கட்சியின் பெயருக்கு. தலைமை முகவரியில் யாரும் இல்லாததால் மாவட்ட முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது இன்னும் புதுக்கோட்டையில் இருக்கும் என் டைப்பிங் சென்டர்தான். பல வருடங்களாக எந்தத் தேர்தலிலும் நிற்காத கட்சியைப் பதிவிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியதும், இதை யார் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். இந்தப் புத்தி எனக்கு முன்பு கிடையாது. கீரனூர்க் கூட்டத்துக்குப் பிறகு வந்தது.

சென்னையில் ஒரு வக்கீல் தொடங்கிய கட்சி. சமூகநீதியும் வேண்டும், ஒரு மனுஷன் யாரைக் கட்டிக்கொள்வது, எதைக் கும்பிடுவது என்பதில் அரசோ ஊரோ தலையிடவும் கூடாது என்பது கொள்கை. மாவட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். அரிமளத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறையை அரைநாள் பூட்டிவிட்டு நீங்கள் வருவீர்கள். நோட்டீசை நான் டைப் செய்து வைத்திருப்பேன். ஒரு தேர்தலில் மெழுகுவத்திச் சின்னம் கிடைத்தது, அடுத்ததில் இஸ்திரிப் பெட்டி. "போன தடவ வேற படமுல்ல காட்டுனீக?" என்று ஒரு பெரியவர் மடக்கினார். "படந்தாங்க மாறும். நோட்டீசு அதேதான், படிச்சுப் பாருங்க" என்றீர்கள். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு உள்ளாட்சித் தேர்தலுக்குப் பெரிய கட்சி ஒன்று கூட்டணிக்குக் கூப்பிட்டது. சேருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, கீரனூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் பதின்மூன்று பேர் கூடினோம். ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்டவர் நீங்கள்தான். "கையத் தூக்கச் சொன்னா, பக்கத்துல இருக்கவன் கையப் பாத்துத்தான் தூக்குவாக" என்றீர்கள். வேண்டாம் என்று போடுவதாக ஏழு பேர் முன்பே பேசி வைத்திருந்தோம். நீங்கள், நான், இன்னும் ஐந்து பேர். சீட்டுகளைப் பிரித்தார்கள். வேண்டும் என்று ஏழு, வேண்டாம் என்று ஆறு.

அதற்கு முந்தின வாரம் ஆலங்குடிக்கு பஸ்ஸில் போகும்போது, திருவரங்குளம் டீக்கடையில் உங்களைப் பார்த்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெரிய கட்சியின் ஒன்றியச் செயலாளர். உங்கள் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் உங்களை நிறுத்தினேன்.

"அண்ணே, நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"ரகசிய ஓட்டு தங்கச்சி. கேக்கக்கூடாது."

"திருவரங்குளத்துல அவருகூட என்ன பேசுனீங்க? அதையாவது கேக்கலாமா?"

"அதுவும் இப்ப சொல்றதுக்கில்ல."

எனக்கு அது போதுமாக இருந்தது. மாற்றிப் போட்டது நீங்கள்தான் என்று அந்த ஐந்து பேரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உங்கள் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். கூட்டணியில் கொடுத்த ஒரே வார்டிலும் தோற்றோம். கொஞ்ச நாளில் தலைவரே பெரிய கட்சியில் சேர்ந்துவிட்டார். உங்கள் மகள் அருள்மொழிக்குப் பதிவுக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை யார் என்றுகூட விசாரிக்கவில்லை. போன ஆடியில் நீங்கள் தவறிப்போனபோது மாலையோடு வந்து, அதைத் தெருமுனையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் நான்.

தபாலுக்குப் பதில் எழுத, உறுப்பினர் பட்டியல் தேவைப்பட்டது. அது உங்களிடம்தான் இருந்தது. அரிமளம் போனேன். அருள்மொழி வந்திருந்தாள். ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அந்த ஒன்றியச் செயலாளரின் தங்கை மகனாம். வேறு சாதி.

"அவுக மாமா சரின்னாத்தான் அந்தக் குடும்பம் அசையும் அத்த. அப்பா நாலஞ்சு தடவ திருவரங்குளம் போயிப் பேசுனாரு. முடியுறதுக்கு முன்னாடி வெளிய தெரிஞ்சா என்னைய என்னமும் பண்ணிருவாகன்னு பயம். அம்மாகிட்டகூட மூச்சு விடல."

அங்கேயே அழுது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அவரு எப்பம்மா சரின்னாரு?"

அவள் என்னையே பார்த்தாள். "கீரனூர்ல ஓட்டுப் போட்டீகள்ல, அதுக்கு மறுவாரம்."

பிறகு அவளே சொன்னாள். "நீங்க நெனைக்கிறத நானும் நெனச்சிருக்கேன் அத்த. ஆனா அப்பாகிட்ட கேக்கல. எனக்காக மாத்திப் போட்டிருந்தாருன்னா, அது எனக்குத் தெரிய வேணாம்."

திரும்பும் பஸ்ஸில், பெண்ணின் விருப்பத்துக்கு மாமனும் ஊரும் குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் மேடையில் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அன்று என்னிடம் வந்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கொள்கையை விடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை, சுலபமாகச் சொல்லியிருப்பேன். ஒருவேளை நீங்கள் வேண்டாம் என்றே போட்டிருக்கலாம். அப்படியானால், உங்களைப் பற்றி நான் சொன்னபோது தலையாட்டியவர்களில் ஒருவர்தான் மாற்றிப் போட்டவர்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் நேற்று போன் செய்தார். அன்று எதற்குப் போட்டார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. நீங்கள் படியில் நின்று சொன்னது நினைவுக்கு வர, கேட்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். போனை வைத்த பிறகும், அதைச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.