இருபது தோள்களில் வந்த வீடு

சபுராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீடு தாராவியின் பின்பக்கத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

தகரக் கூரையைக்கூடக் கழற்றவில்லை. அடியில் மூங்கில் கொடுத்து, ஜமாஅத்தில் இருபது பேர் தோளில் தூக்கினார்கள். இறந்தவர்களைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கிப் பழகியவர்கள் அல்லவா, யாரும் சொல்லாமலே நாற்பதடிக்கு ஒருதரம் தோள் மாற்றினார்கள். ரோட்டில் பஸ் நின்றது. முன்பின் தெரியாதவர்கள் அதிலிருந்து இறங்கி, கொஞ்ச தூரம் தோள் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

"மய்யித்து தூக்குன தோளுல, உசுருள்ள வீட்ட இன்னைக்குத்தான்டே தூக்குறோம்" என்றார் நாகூர் மீரான் மாமா. நான் பின்னாலேயே நடந்தேன். ஆணியில் நீ விட்டுப்போன கண்ணாடி கீழே விழவில்லை.

"பொழுதெல்லாம் வழியிலயே போவுது உங்களுக்கு. எனக்கெதுக்கு இங்க வீடு?" என்று ஊருக்குப் போகும்போது கேட்டாய். இப்போது வேலைக்குப் போகிற செம்பூர் பஸ்ஸுக்கு நான் நடக்கவே வேண்டாம். மஃரிப் தொழுகைக்கு முன்னால் வீட்டில் இருக்கிறேன்.

ஊர் ரயில் வந்து நிற்கிற தாதர் ஸ்டேஷனிலிருந்து வருகிற பஸ்ஸும் இங்கேதான் நிற்கிறது. பெட்டியோடு இறங்குகிறவர்கள் பத்தே எட்டு வைத்தால் நம் வாசல்.

இப்படிக்கு,
வாசலில் உட்கார்ந்திருப்பவன்