இறக்கையில் பதிந்த பெருவிரல்

அண்ணே,

இன்று காலை மருமகன் மீன்தொட்டி வைக்கிற இரும்பு ஸ்டான்டை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், கறுப்பு ஸ்ப்ரே அடிக்க. டின்னைக் குலுக்கினேன். உள்ளே கிடக்கிற குண்டு கடகடவென்று உருண்டது. "போதும்மா, கை கழண்டு விழப் போகுது" என்றாள் மகள். "ரெண்டு நிமிசம் குலுக்கணும், அண்ணன் சொல்லியிருக்காரு" என்று என் வாய் தானாகச் சொன்னது. மூடியைக் கழற்றி ஒருதரம் அழுத்தினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து பக்கத்தில் நின்றுவிட்டீர்கள், சட்டைப்பையில் இரண்டு பேனையும் முகத்தில் அந்த பேங்க் கிளார்க் கவலையுமாக.

கனடாவிலிருந்து உங்கள் அக்கா போன் எடுத்து, நீங்கள் போய்விட்டதாகச் சொல்லி ஆறு மாதமாகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த கோபம் தீர்ந்தது, உங்களுக்குத் தெரியும். பிழை திருத்த இனி நீங்கள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தை ஹாட்வெயார் கடையில் நான் கவுன்டரில் நின்ற காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன், வழியில் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். நீங்கள் முதல்முதல் வந்து, பிளாஸ்டிக்குக்கு அடிக்கச் சாம்பல் நிற ஸ்ப்ரே இருக்கிறதா என்று கேட்டீர்கள். காருக்கு அடிக்கிறதை எடுத்துக் கொடுத்தேன். காரே தாங்குகிறது, பிளாஸ்டிக் தாங்காதா என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஒரு குட்டி விமானத்தைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தீர்கள். வால் பக்கம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தது.

"தங்கச்சி, இந்தப் பெயின்ட் பிளாஸ்டிக்கைத் தின்னுது."

"பசியா இருந்திருக்கும் அண்ணே."

அதற்குச் சிரிக்க உங்களுக்கு நாலு நாள் எடுத்தது. சனிக்கிழமை கடை வாசலில் வந்து நின்று, காரணம் சொல்லாமல் சிரித்தீர்கள். முதலாளி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

உங்கள் அக்கா பெட்டி பெட்டியாக அனுப்புகிற பிளாஸ்டிக் பொம்மை விமானங்களை வெட்டி ஒட்டுவதுதான் உங்கள் சனி ஞாயிறு. துண்டுகளை வெட்டிய பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தை எனக்குக் கொண்டுவந்து தருவீர்கள். கடைக்கு எந்தப் புது டின் வந்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு துண்டுக்கு அடித்துப் பார்ப்பேன். தின்றால் உங்களுக்கு இல்லை, தின்னாவிட்டால் உங்களுக்கு. மூடியின் நிறத்தை நம்பக்கூடாது, காய்ந்த பிறகுதான் பெயின்ட் உண்மை பேசும் என்பீர்கள். அடித்த துண்டுகளை நூலில் கோர்த்துக் கவுன்டருக்குப் பின்னால் தொங்கவிட்டேன். "இது என்ன மாலை?" என்று கேட்பவர்களுக்கு, "ஒருத்தருக்குக் கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம்" என்பேன். உங்களுக்குக் காது சிவக்கும்.

பாமன்கடைப் பக்கம் நீங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறைக்கு, கடை பூட்டியதும் சில சனிக்கிழமைகளில் வருவேன். கீழே வீட்டுக்கார மாமியிடம் ஒரு தேத்தண்ணி, மேலே உங்களிடம் ஒரு வேடிக்கை. விமானத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் குழந்தையைப்போலக் குளிப்பாட்டி, காய வைத்து, ஒரு குச்சியில் குத்தி நிறுத்துவீர்கள். கையை விமானத்துக்கு வெளியே தொடங்கி, அதன் மேலால் ஓட்டி, வெளியே போய் நிறுத்துவீர்கள். மெல்லிய பூச்சு. பிறகு காத்திருப்பு. வானம் இருண்டால் அன்றைக்கு வேலையே இல்லை, ஈரக் காற்றில் அடித்தால் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். எனக்கோ அடித்தால் உடனே காய்ந்துவிட வேண்டும்.

"தொடாதையும். கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நில்லும்."

நின்றேன். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போனதும் தொட்டேன். நீல இறக்கையின் அடியில் என் பெருவிரல் ரேகையோடு அப்படியே பதிந்தது. நீங்கள் திரும்பி வந்து பார்த்தீர்கள். "அண்ணே, உங்களுக்குப் பொறுமையே இல்லை, பாருங்க, தொட்டுட்டீங்க" என்றேன். என் பிழையை எல்லாம் உங்கள் தலையில் போடுவது எனக்குப் பழக்கம். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு, "ஓம், நான்தான்" என்பீர்கள்.

புலிகளின் விமானம் வந்து குண்டு போட்டதிலிருந்து, வானத்தில் சத்தம் கேட்டாலே கொழும்பு நடுங்கிய காலம் அது. "கப்பல் செய்யுங்க, கார் செய்யுங்க, தமிழாளுக்கு எதுக்கு இப்போ விமானம்?" என்று எத்தனை தரம் சொன்னேன்! "பெட்டியிலை வந்தது விமானம், நான் என்ன செய்ய?" என்பீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமி செருப்பும் போடாமல் கடைக்கு ஓடி வந்தார். "பிள்ளை, பொலிஸ் வந்து வீட்டைச் செக் பண்ணினவங்கள். பிளேனையும் பெயின்ட் டின்னையும் கண்டிட்டு ஆளைக் கொண்டுபோயிட்டாங்கள்." அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோன சிலர் எங்கே என்று வீட்டாருக்கே தெரியாது. முதலாளி, "நீ போகாத, கடைப் பேரும் சேர்ந்து இழுபடும்" என்றார். நான் அந்த மாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு போனேன்.

பொலிஸில் நீங்கள் வெறுங்காலோடு சுவரோரம் நின்றீர்கள். இன்ஸ்பெக்டரின் மேசையில் பதினொரு டின், மூன்று விமானம். எனக்குச் சிங்களம் கடைச் சிங்களம்தான், ஆனால் நிற்காமல் வரும். "மாத்தயா, இது செல்லம் படு, சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமான். டின்னெல்லாம் நான்தான் வித்தது. ஒவ்வொரு நிறத்துக்கு ஒவ்வொரு டின், பாருங்க" என்று மாலையை விரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீல விமானத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். "இது யாருடைய விரல்?"

எனக்குப் பயம் வந்தால் வாய் இன்னும் கூடும். "வேற யாரு மாத்தயா, இந்த மனுசன்தான்! காயுறதுக்கு முன்னாடி தொடுவாரு. பொறுமை கிடையாது. இதைப் பறக்கவிடவா போறாரு? ஒரு இறக்கைக்கு ஒழுங்கா பெயின்ட் அடிக்கத் தெரியல்ல!"

அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தன் மோட்டார் சைக்கிள் டாங்கிக்கு அடித்த பெயின்ட் ஏன் பால் மாதிரி வெளுத்தது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் சுவரோரத்திலிருந்து உங்கள் உடைந்த சிங்களம் கேட்டது. "மழை நாளில் அடித்திருப்பீர்கள், சேர்." அந்த நிலைமையிலும் உங்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, அண்ணே!

நீங்கள் வாடகைக்கு இருப்பதைப் பொலிஸில் பதிந்த மாமியின் பத்திரமும் உங்கள் பேங்க் கடிதமும் வந்த பிறகு, பின்னேரம் விட்டார்கள். விமானங்களைத் தந்தார்கள், டின்களைத் தரவில்லை. பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பிடித்து உட்கார வைத்தேன். நன்றி சொல்வீர்கள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீர் வாறதுக்கு முதல் மூண்டு தரம் கேட்டவங்கள், ஆரின்ரை விரல் எண்டு. உன்னோடை சேர்ந்து வேலை செய்யிறது ஆர் எண்டு. ஒருத்தரும் இல்லை, என்ரை விரல் எண்டு சொன்னனான்."

"நான் என்னுடையதுன்னு சொல்லியிருந்தா?"

"ரெண்டு பேரும் பொய்யர். ரெண்டு பேரும் உள்ளுக்கை." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி, "நல்லகாலம், உமக்கு உண்மை சொல்லுற பழக்கம் இல்லை" என்றீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் முதல்முதல் என்னைக் கிண்டல் செய்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. சிரிப்பில் வந்ததுதான் என்று அன்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

கனடா போகும்போது அந்த நீல விமானத்தை என்னிடம் விட்டுப் போனீர்கள். அலுமாரி மேல் இருக்கிறது. அடிக்கடி திருப்பிப் பார்ப்பேன். மூன்று தரம் கேட்டும் நீங்கள் எனக்காகச் சொந்தமாக்கிக்கொண்ட விரல் அது.

இன்று ஸ்டான்டுக்கு மெல்லிய பூச்சாக அடித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நல்ல வெயில், பெயின்ட் அழகாகப் பிடித்திருந்தது. கீழே தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வருவதற்குள் மகள் தொட்டுவிட்டாள். நடு முகப்பில் பளிச்சென்று ஒரு பெருவிரல். மருமகன் மேலே வந்தார், ஸ்டான்டைப் பார்த்தார், முகம் கறுத்தது. "இது யாரு தொட்டது?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் தம்பி" என்றேன்.