இரண்டு வருட இடைவெளி

ஆகஸ்ட் 4

என் அருமை அக்காவுக்கு,

கல்லூரியில் உன்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்ததும் அலுவலகத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னடி, தேள் கொட்டிடுச்சா?" என்றாள். அம்மா போன நாலே மாதத்தில் இப்படி ஒரு நல்ல செய்தி வரும் என்று நினைக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். வயதில் நீ மூத்தவள்தான், ஆனால் படிப்பை முடித்தவள் நான். இந்தப் பெயிண்ட் கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவில் ஒன்றரை வருஷமாக ஊரார் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பதுதான் என் பிழைப்பு. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று எனக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்காராதே, அங்கே இருப்பவர்களின் தலைக்கு மேலே பார்த்துத்தான் வாத்தியார்கள் பேசுவார்கள். இரண்டாவது வரிசைதான் சரி. வாரம் ஒருமுறை பேராசிரியர் அறைக்குப் போ, ஒரே ஒரு சந்தேகத்தோடு. இரண்டாவது சந்தேகம் அடுத்த வாரத்துக்கு. சோதனைக்கூட உதவியாளரைப் பகைத்துக்கொள்ளாதே. எந்தத் தராசு பொய் சொல்லும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் கேலி செய்தால் எழுது. வந்து இரண்டு சாத்து சாத்துகிறேன்.

உன் வாயாடி

ஆகஸ்ட் 30

அன்புள்ள வாயாடிக்கு,

நீ யாரையும் சாத்த வேண்டாம். பாவம், என்னைப் புது விரிவுரையாளர் என்று நினைத்து முதல் நாள் வகுப்பே எழுந்து நின்றது. "உட்காருங்கப்பா, நானும் உங்க கூடத்தான்" என்றேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் 'மேடம்'.

முதல் இரண்டு வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. எழுதிப் படித்த சமன்பாடுகள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. நீ சொன்னபடி ஒரே சந்தேகத்தோடு பேராசிரியரிடம் போனேன். அவர் அரை மணி நேரம் பேசினார். சோதனைக்கூட உதவியாளரும் சிநேகமாகிவிட்டார். "மூணாம் நம்பரைத் தொடாதீங்கம்மா, அது அவங்கவங்க ஆசைக்கு எடை காட்டும்" என்றார். உன் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

காலை ஐந்து மணிக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம். எழுந்து உட்கார்ந்து பாடம் படிக்கிறேன்.

விடுமுறைக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கமாட்டேன். வேலை இருக்கும்.

அக்கா

ஜனவரி 17

என் அருமை அக்காவுக்கு,

வகுப்பில் இரண்டாவதா! இதைத்தான் சொன்னேன்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் தரச்சோதனைக் கூடத்துக்குப் பன்னிரண்டு பயிற்சி ஊழியர்களை எடுக்கப் போகிறார்கள். நீ கட்டாயம் எழுது. விண்ணப்பம் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். ஒன்றுக்கு நான் ஒதுக்குவது ஒரு நிமிடம்கூடக் கிடையாது. 'கடின உழைப்பாளி' என்று எழுதாதே, எல்லாரும் எழுதுகிறார்கள். என்னென்ன சோதனை உன் கையால் செய்தாய் என்று எழுது. பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கு, பரீட்சை நெருங்கினால் அவர் கைக்குச் சிக்கமாட்டார்.

அந்த இரண்டு வருஷத்தை மறைக்காதே. 'தாயின் நோயின்போது உடனிருந்து கவனித்தேன்' என்று ஒரே வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

உன் வாயாடி

மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

அனுப்பிவிட்டேன். பேராசிரியர் எழுதித் தந்ததைப் படித்துக் கொஞ்சம் அழுதேன். நீ சொன்ன வரியையும் அப்படியே போட்டிருக்கிறேன்.

வேறு எங்கும் இன்னும் எழுதவில்லை. உன் ஊர், உன் கம்பெனி, ஒரே அறையில் இரண்டு பேரும் இருக்கலாம். ஜூன் கடைசியில் விடுதியைக் காலி செய்ய வேண்டும். அம்மா போனதும் வாடகை வீட்டையும் விட்டாயிற்று. அதனால் எனக்கு இந்த வேலை வெறும் வேலை இல்லையடி.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? கேள்விகளை எழுதி அனுப்பு. இங்கே பிள்ளைகளிடம் சொல்லி ஒத்திகை பார்க்கிறேன். அதிகாரி வேஷத்துக்கு இப்போதே அடிதடி.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அதனால்தான் தாமதம். கேள்விகளைப் பிறகு அனுப்புகிறேன். இதையே நம்பி இருக்காதே, நாலு இடத்துக்கு எழுதிப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

மே 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இரண்டே வரி. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. வகுப்பில் எனக்குக் கீழே ஏழாவதாக வந்த பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் நல்ல பெண், என்னிடம் சொல்லவே பயந்தாள். ஒத்திகைக்கு அவளுக்கு நான்தான் அதிகாரியாக உட்கார்ந்தேன்.

எனக்குப் பொறாமை இல்லை, இருக்கிறது, என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. நான் எதில் தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டுச் சொல். உள்ளே இருக்கிறவள், உனக்குச் சொல்லாமலா இருப்பார்கள்? தெரிந்தால் அடுத்த விண்ணப்பத்தில் திருத்திக்கொள்வேன்.

அக்கா

மே 16

அக்கா,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

பிப்ரவரியில் புது மேலாளர் வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "படிப்புல ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்தா படிக்கவே வேணாம், திருப்பி அனுப்புற பெட்டியில போட்டுடு. காரணம் எதுவா இருந்தாலும் சரி" என்றார். அப்போது நீ இன்னும் அனுப்பவில்லை. ஒரு கடிதம் போட்டு அந்த வரியை எடுத்துவிட்டு இடைவெளி தெரியாமல் எழுது என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் இருந்தது. போடவில்லை. உறைகளை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வோம், உன்னுடையது என் பங்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பங்கில்தான் வந்தது. முழுதும் படித்தேன். நான் சொல்லிக் கொடுத்த அதே வரி. மேலாளரிடம் போய், "இது என் அக்கா சார், அம்மாவைப் பார்த்துக்கிட்டவ" என்று சொல்ல எழுந்தேன். எனக்கு ஜூனில்தான் வேலை நிரந்தரமாகும் உத்தரவு. உட்கார்ந்துவிட்டேன். என் கையாலேயே அந்தப் பெட்டியில் போட்டேன்.

அந்த உத்தரவு போய்விடுமோ என்று பயந்தேன் என மட்டும் சொன்னால் அதுவும் பொய். அம்மா படுத்தபோது, "உனக்கு ஆறு மாசந்தான் பாக்கி. முடிச்சுட்டு வந்து உட்காரு, அப்புறம் நான் காலேஜுக்குப் போறேன்" என்றாய். முடித்தேன், வேலையில் சேர்ந்தேன், வரவில்லை. நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தேவலை. நீ இங்கே வந்தால் தினமும் உன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று எனக்குப் பயமாக இருந்தது அக்கா. நீ வரக்கூடாது என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

என்னைத் திட்டி எழுது. வந்து அடி. என் அறைக்கே வந்துவிடு, விடுதியை விட்டு நீ எங்கே போவாய்?

தங்கை

ஜூன் 27

தங்கைக்கு,

திட்டி மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறு ஊர், தண்ணீரைச் சோதிக்கிற சின்னக் கூடம், இரண்டு அறை, நாலு பேர். தங்க ஒரு இடமும் கிடைத்தது. முகவரி எழுதவில்லை, நீ தேட வேண்டாம்.

அந்த இரண்டு வருஷத்துக்கு நேரே 'மருந்துக் கடையில் வேலை' என்று எழுதினேன். எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம் இல்லை. எந்த மருந்து எத்தனை வேளை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நேர்முகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வேலையைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "அம்மா என்ன பண்றாங்க?" என்றார். அம்மா போன வருஷம்தான் போனாள் என்றால் கேள்விமேல் கேள்வி வரும், மருந்துக் கடைக் கதை நிற்காது. "நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே தவறிட்டாங்க சார்" என்றேன். சொன்னதும் அவர் கொடுத்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அந்த இரண்டு வருஷம் அவளோடு நான் இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

"கூடப் பிறந்தவங்க?" என்றார்.

"யாரும் இல்லை சார்" என்றேன். அதற்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

அக்கா