உன் வண்டியை அறுத்தது நான்தான்

செட்டியார்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பாண்டிச்செல்வத்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மலைமேல் உனக்குச் சிக்னல் கிடைப்பதே நாலு நிமிடம், அந்த நாலு நிமிடமும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது.

இங்கே நல்ல மழை. வ.புதுப்பட்டியில் உன் தங்கச்சி பானுப்பிரியா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள், சாப்பாடெல்லாம் குறைவில்லை, சாம்பாரில் மட்டும் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. அப்பா வரவில்லை. மாப்பிள்ளை கார் அனுப்பியும் வரவில்லை. இடது காலை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது, முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் போட்டு ஐந்து மாதம் ஆகிறது, வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறார், வாசலைத்தான் தாண்ட மாட்டேன் என்று இருந்தார். இருபத்தாறு வருடம் மில் லாரி ஓட்டியவராம், அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் மூட்டை மாதிரி ஏறி உட்கார மாட்டாராம். வலது காலை மாதாமாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லியிருந்தார்கள், சர்க்கரைப் புண் அதிலும் வந்துவிடக்கூடாது என்று. மூன்று மாதமாகப் போகாமலே இருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நிற்கும், அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவார். ஆட்டோ போனதும் எழுந்து தண்ணீர் கேட்பார். இதை உன்னிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே இருந்து என்ன செய்ய முடியும்.

உன் மோட்டார் சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொன்னாய், செய்தேன். அதோடு ஹேண்டில்பாரை மாற்றிவிட்டேன், கியர் லீவரை ரம்பத்தால் அறுத்துவிட்டேன். உட்கார்ந்து படி. ஆவணி மாதம் ஒருநாள் தையல் கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மதியமே திரும்பி வந்தேன். அப்பா கொல்லையில் கவரை எடுத்துவிட்டு உன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக்காலை இரண்டு கையாலும் தூக்கிக் கியர் லீவருக்குக் கீழே வைக்கிறார், மேலே தள்ளப் பார்க்கிறார். அந்தப் பாதத்துக்குத் தூக்கத் தெரியாது, கணுக்கால் மடங்காது. நாலைந்து தடவை பார்த்துவிட்டு இறங்கிக் கவரை மூடினார். என்னைப் பார்த்ததும் பல்லி எச்சம் விழுந்திருந்தது, துடைத்தேன் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு உலை வைத்தேன்.

மறுநாள் கம்பெனியில் நைட்டி தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கீழே குனிந்து என் காலைப் பார்த்தேன். பவர் மெஷினில் முன்பாதத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் வேறு வேலை செய்யும். எதற்கும் பாதத்தைத் தூக்க வேண்டியதில்லை, இரண்டுமே மிதிப்பதுதான். வேறு சில வண்டிகளுக்கு அப்படி இரண்டு பக்கமும் மிதிக்கிற லீவர் கடையிலேயே கிடைக்கிறது, உன் வண்டிக்குச் சேராது என்று ராஜபாளையத்தில் மூன்று கடையில் சொன்னார்கள். ஆகவே போனில் வீடியோ பார்த்து நானே ஆரம்பித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினேன். அதுவும் தலை வழுக்கிப் போயிற்று. லீவரை அறுத்து எடுத்துக்கொண்டு பொன்னுராஜ் வெல்டிங் பட்டறைக்குப் போய், முன்னால் ஒரு தகடு பின்னால் ஒரு தகடு, பாதம் வழுக்காமல் ஓரத்தில் ஒரு விளிம்பு வைத்து ஒட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். தையல் மெஷினுக்கு என்றேன். லீவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஒட்டிக் கொடுத்தார். அதை மாட்டும்போது அச்சில் இருக்கிற பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன், பின் தகடு ஃபுட்ரெஸ்ட்டில் இடித்தது. திரும்பக் கழற்றி மாட்டுவதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.

ஹேண்டில்பார் கதை வேறு. நீ குனிந்து ஓட்டுகிற மாதிரி வைத்திருந்தாய், அப்பா அப்படிக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், உயரமானதாக வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் செய்து இடது பக்கம் திருப்பினேன், நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாகக் கத்த ஆரம்பித்தது. நேராக வைத்தால் அடங்குகிறது, திருப்பினால் கத்துகிறது. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். ஒரு மாதமாக நான் செய்வதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வாயே திறக்காத அப்பா அன்றைக்குத்தான் பேசினார். “கேபிள் பத்தல ஏட்டி, திருப்புனா இழுக்குது.” அவ்வளவுதான். அவருக்கும் இதெல்லாம் தெரியாது, லாரி ஓட்டியது அவர், பானெட்டைத் திறந்ததெல்லாம் கிளீனர்தான். நீளமான கேபிள் வாங்கிப் போட்டேன், பிரேக் டியூபையும் மாற்றினேன், அதற்கு மட்டும் பைக் பட்டறைக்காரரை வரவைத்தேன், பிரேக்கில் நான் விளையாடவில்லை.

கண்மாய்க்கரைப் பொட்டலில் முதல் தடவை ஓட்டியபோது அப்பா விழுந்துவிட்டார். வேகமில்லை, முழங்கையில் தோல் உரிந்தது. இரண்டாவது கியருக்குக் குதிகாலால் மிதித்திருக்கிறார், தகடு உயரமாக இருந்ததால் குதிகால் அதன்மேல் ஏறவில்லை, கால் எங்கே என்று குனிந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன், எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், பெற்ற பிள்ளை எல்லையில் நிற்கும்போது அவன் அப்பாவை நானே கொன்றேன் என்ற பேர் வேண்டாம் என்று. அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். “கழத்தாத. பின்தகடு ஒரு விரக்கடை கீழ எறங்கணும், அம்புட்டுத்தான்” என்றார். இறக்கினேன். அடுத்த வாரம் பொட்டலில் மூன்று சுற்று சுற்றினார், நாலாவது சுற்றுக்குத் திரும்பி வரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் கருவேல முள்ளுக்குள் ஓடினேன். கண்மாயின் அந்தக் கரையில் வேலுசாமி டீக்கடை முன்னால் வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது, அப்பா நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இவளுக்கும் ஒன்று போடு என்றார். அவர் டம்ளரில் சர்க்கரை இருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன், அன்றைக்கு மட்டும்.

முறைப்படி கேட்காமல் ரோட்டில் ஏற்றக்கூடாது என்று அப்பாவே சொன்னார், போன திங்கள்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் பிரேக் பிடிக்கும் இடத்திலெல்லாம் அப்பாவும் காலை அழுத்திக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் என் போனில் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டார். அப்பா, “வீட்டுல” என்றார். வீட்டில் வைத்துச் செய்தது சரி, செய்த ஆள் யார் என்றார் அவர். “அதான் சார், வீட்டுல” என்று சொல்லி அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் என் நகக்கண்ணைப் பார்த்தார், கிரீஸ் எத்தனை சோப்பு போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. டாக்டர் சர்டிபிகேட்டும், வண்டிக்குச் சொந்தக்காரரின் சம்மதமும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். வெளியே வந்ததும், வந்ததே வந்துவிட்டோம், காலையும் காட்டிவிட்டுப் போவோம் என்றார் அப்பா. குதிகாலில் சின்ன வெடிப்பு இருந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் தெரியும் சேதி என்று டாக்டரம்மா திட்டினார்கள், அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இப்போது மருந்து போட்டு ஆறிக்கொண்டிருக்கிறது.

வண்டி உன் பேரில் இருக்கிறது. உன்னிடம் கேட்க அப்பாவுக்குக் கூச்சம், அவன் ஆசைப்பட்டு வாங்கியது, கேட்கப்படாது என்று என்னையும் தடுத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். ஹேண்டில்பாரைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். பழைய லீவரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. உனக்கு மனசில்லை என்றால் ஒளிக்காமல் எழுது, எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன், இப்போது எனக்குக் கழற்றத் தெரியும். உன் பதில் வரும்வரை வண்டி கொல்லையில் பெரிய ஸ்டாண்டில்தான் நிற்கும். அப்பா காலையில் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஐந்து கியரும் ஏற்றுவார், ஐந்தும் இறக்குவார், அணைத்துவிட்டுக் குளிக்கப் போவார். நேற்று என்னையும் பின்னால் ஏறச் சொன்னார். கலியாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஓட்டுகிற வண்டியில் நான் ஏறியதில்லை, லாரியில் பொம்பளையை ஏற்றக்கூடாது என்பார். எனக்குத் துவைக்கிற வேலை கிடந்தது. இருந்தாலும் செத்த நேரம் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது, பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடு, ஆர்.சி. புத்தகத்துக்குப் போட்ட அதே கையெழுத்தாக இருக்கட்டும், புதிதாக வளைத்து எதுவும் போடாதே. எந்த மலையில் நின்றாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நீண்ட ஆயுசோடு இரு சாமி.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
மு. வெள்ளத்தாய்