எழுந்து நின்றதற்கு

முட்டுக்காடு,
செப்டம்பர் 17

அன்புள்ள ஷபானா அக்காவுக்கு,

பிரிசில்லா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீல டிக் ஆகி அப்படியே கிடக்கிறது. நார்வேயில் குளிர் அதிகம், விரல் விறைத்துப் போகும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் போன வாரம் அந்த விரல் வேலை செய்ததே! "மஞ்சக் கொடிக்காரி வந்துட்டாளா?" என்று ஒரே ஒரு வரி வந்தது. அதனால்தான் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து, கையால் எழுதி அனுப்புகிறேன். கடிதத்தில் நீல டிக் வராது, படித்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

வந்துவிட்டாள், அக்கா. கோபத்தில் இதை உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மனசு வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல நீங்கள்தானே பழக்கினீர்கள். வடகரைத் திட்டில் மற்ற கொசு உள்ளான் குருவிகளின் கூட்டத்தோடு மேய்ந்துகொண்டிருந்தாள். வலது காலில் நாம் மாட்டிய மஞ்சள் கொடி, எழுத்துகூட லேசாகத் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள், மற்றபடி நன்றாக இருக்கிறாள். உங்கள் தொலைநோக்கியில்தான் பார்த்தேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

பறவைகளைக் காக்க என்று திட்டைச் சுற்றி வேலி போட்டு, எங்கள் பெண்களை இறங்கவிடாமல் செய்த விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

ஜூன் மாதம் நீங்கள் அனுப்பிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். மரமே இல்லாத அந்தப் பாசித் தரையில் ஒரு குழி, அதில் நான்கு முட்டை, நீங்கள் கையை நீட்ட, தாய்க் குருவி உங்கள் விரல்மேல் ஏறி உட்கார்ந்து கூட்டைக் காக்கிறது. நம் மஞ்சள் கொடிக்காரியேதான். அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இங்க நம்ம நெழல் வுழுந்தா பறந்துடுது, அங்க இன்னா கையில குந்திகினு கீது?" என்று கேட்டார். அங்கே அது மனிதர்களை அதிகம் பார்த்ததில்லை, அதனால் பயப்படத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். "பாவம், ஏமாந்த சோணகிரி" என்று சிரித்தார். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். நாங்களும் அப்படித்தான் உங்கள் கையில் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜனவரியில் நாம் வலை கட்டி அவளைப் பிடித்த காலை ஞாபகம் இருக்கிறதா? காலில் வளையமும் கொடியும் மாட்டி முடித்ததும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து விடச் சொன்னீர்கள். சேறு பிடித்த கையாச்சே என்று அம்மா பின்வாங்கினார். நீங்கள் விடவில்லை. இவ்வளவு தூரம் பறந்து வரும் பறவைக்கு உங்கள் கைதானே அம்மா சோறு போடுகிறது, நீங்கள் கலக்கிவிடும் சேற்றில்தான் இரை கிடைக்கிறது என்று சொன்னீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டுவிட்டு, உங்கள் கல்பாக்கம் வீட்டில் இப்படி ஒரு ருசி கிடையாது என்று விரலை நக்கினீர்கள். அந்த உறவை நான் உண்மை என்றே நம்பினேன். இப்போதும் முழுக்கப் பொய் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

சரி, கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆகஸ்டில் எங்களை செங்கல்பட்டுக்கு வரச் சொன்னார்கள். வேலியை எதிர்த்து மனு கொடுத்திருந்தோம் அல்லவா, அதற்கான கூட்டம். அம்மா, முனியம்மா அத்தை, இன்னும் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழெட்டுப் பெண்கள், எல்லோரும் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு வந்தார்கள். யாரோ பெரிய விஞ்ஞானி எங்களுக்கு எதிராக எழுதியிருக்கிறார் என்று பேச்சு இருந்தது. நான் ரொம்பத் தைரியமாக இருந்தேன். எங்கள் பக்கம் ஷபானா அக்கா இருக்கிறார், அவர் அறிக்கை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் வழி நெடுக அத்தைக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மையார், வேலி போடக் காரணமான அறிக்கையைச் சுவரில் படமாகப் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் உங்கள் பெயர். இரண்டாவதில் நன்றி சொல்லியிருந்தீர்கள், அதில் என் பெயரும் இருந்தது, எழுத்துப் பிழை இல்லாமல். அடுத்து ஒரு பெண், கழுத்து வரைக்கும் சேறு, இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் எழுந்து நிற்கிறார். பின்னால் வானம் முழுக்க உள்ளான் சிதறிப் பறக்கிறது. படத்துக்குக் கீழே மனித இடையூறு என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் என் அம்மா.

அம்மாவுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. பெரிய ஆபீஸ் சுவரில் தன் படம் வந்ததும் முகமெல்லாம் பூரித்துப் போய், "ஏய், நான்தான்டி அது! ஷபானா பொண்ணு எடுத்த போட்டோ" என்று பக்கத்தில் இருந்தவர்களை இடித்துக் காட்டினார்.

வடகரைத் திட்டில் பறவைகள் எழும்பிப் பறந்ததற்குப் பெரும்பாலும் காரணம் இறால் பிடிக்கும் பெண்களே என்று அந்த அம்மையார் வாசித்தார். முனியம்மா அத்தை பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "இன்னா மேடம் பேசறீங்க? நாங்க குந்திகினு தடவறப்போ குருவி எங்க முதுகாண்டயே மேஞ்சிகினு இருக்கும். குருவி எண்ற பொண்ணுங்க வந்தா எந்திரிச்சி நிப்போம், அப்பதான் பறக்கும்" என்றார். அந்த அம்மையார் கடுமையாக ஒன்றும் பேசவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அறிக்கையில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே அம்மா என்றார்.

இல்லைதான். நானும் அன்றிரவே உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். இல்லவே இல்லை.

அக்கா, உங்களுக்குத் தெரியாததா? நாம் காலையில் கரைக்கு வந்து இறங்குவோம். வந்ததும் நீங்கள் பறவைகளை எண்ண, நான் தாளில் குறிக்க ஆரம்பிப்பேன். அதே நேரத்தில் எங்கள் பெண்கள் நம்மைப் பார்த்துவிடுவார்கள். இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பறியைப் பல்லில் கடித்தபடி எழுந்து நிற்பார்கள். எழுந்தால் பறவை பறக்காமல் என்ன செய்யும்? நீங்கள் கையை அசைத்து, எழுந்திருக்காதீங்கம்மா, உட்காருங்கம்மா என்று கத்துவீர்கள். அம்மா கேட்டதே இல்லை. "படிச்ச பொண்ணு வருது, நாம குந்திகினு இருந்தா மரியாதையா?" என்பார். எங்கள் ஆட்கள் யார் யாருக்கோ பயந்து எழுந்து நின்ற காலம் உண்டு. உங்களுக்காக அவர்கள் எழுந்தது பயத்தில் அல்ல. தங்கள் வீட்டில் சாப்பிட்ட பெண் என்ற பிரியத்தில் எழுந்தார்கள்.

அந்தத் தாளில், பறவை பறந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் முதல் நாளே உங்களைக் கேட்டேன். "இப்போதைக்குப் பெண்கள்னு போடு பிரிசில்லா, ரிப்போர்ட் எழுதும்போது நான் விளக்கிடறேன்" என்றீர்கள். நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று எழுதினேன். தினமும் எழுதினேன். என்னைப் பெற்ற தாயை என் கையாலேயே எழுதினேன். நீங்கள் விளக்குவீர்கள் என்ற ஒரே நம்பிக்கை.

ஏன் விளக்கவில்லை? இடம் போதவில்லையா? விமானம் ஏறும் அவசரமா? நாம் வரும்போதெல்லாம் பறவை கலைந்தது என்று எழுதினால் ஆராய்ச்சி செய்தவரே இடையூறு என்று ஆகிவிடும், நார்வே வேலைக்கு அது இடைஞ்சலாகும் என்று யோசித்தீர்களா? நானாக எதையும் முடிவு கட்ட விரும்பவில்லை. ஆனால் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. முதுகில் குத்துவது என்று சொல்வார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். நீங்கள் எங்கள் முதுகைக்கூடப் படம் எடுக்கவில்லை, முகத்தை எடுத்துப் போட்டீர்கள்.

உள்ளான்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலிக்குள் அதைப் பார்த்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன், உங்களுக்கும் பயன்படும். பெண்கள் போவதை நிறுத்தியதிலிருந்து திட்டின் உள்பக்கச் சேறு இறுகிவிட்டது. பறவைகள் ஓரத்தில் மட்டும்தான் மேய்கின்றன. சுற்றுலாப் படகு திரும்பும் பக்கம் அதுதான். ஒவ்வொரு படகுக்கும் பறந்து பறந்து உட்காருகின்றன. படகுக்கு வேலி கிடையாது.

அம்மா இப்போது பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கப் போகிறார். விடியும் முன் கிளம்பி, பஸ் மாறி மாறிப் போய் வர வேண்டியிருக்கிறது. தண்ணீரில் நாள் முழுக்க உட்கார்ந்தும் வராத இடுப்பு வலி, குழாயடியில் குனிந்து வந்துவிட்டது. போன வாரம் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தார்கள். அம்மா தட்டோடு எழுந்து நின்றார். அந்தப் பெண்கள் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார்கள். ஏம்மா எழுந்தாய் என்று சண்டை போட்டேன். "நம்ம ஷபானா மாதிரி பொண்ணுங்கதானே, போவட்டும் வுடு" என்றார்.

ஆமாம் அக்கா, அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அறிக்கை எழுதியது யார் என்று முனியம்மா அத்தைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அத்தையின் வாயைக் கட்டிப் போட நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் எடுத்த படத்தை வைத்து யாரோ வேண்டாதவர்கள் மோசம் செய்துவிட்டார்கள் என்றுதான் அம்மா நம்புகிறார். "அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்த சொன்னா வேலிய எடுத்துடுவாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்கிறார். வேலி போடும் முன் கடைசியாகப் பிடித்த இறாலை உங்களுக்காகக் காய வைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்சல் அனுப்ப உங்கள் அட்ரஸ் கேட்டு என்னைத் தினமும் பிடுங்குகிறார். ஃபாரினுக்குக் கருவாடு அனுப்ப விடமாட்டார்கள் என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன்.

ஆயுத பூஜை கழிந்து மறுபடியும் கூட்டம் வைக்கிறார்கள். ஆராய்ச்சி செய்தவரே எழுதிக் கொடுத்தால் மறுபடி பரிசீலிக்கலாம் என்று அந்த அம்மையார் சொல்லியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். எங்களுக்காகப் பொய்யும் சொல்ல வேண்டாம். பெண்கள் உட்கார்ந்திருந்தபோது பறவை பறக்கவில்லை, நம்மைப் பார்த்து எழுந்து நின்றபோது பறந்தது என்று நீங்கள் கண்ணால் கண்டதை எழுதினால் போதும். எழுதாவிட்டால் நான் எழுந்து பேசத்தான் போகிறேன், அம்மாவின் எதிரிலேயே. அப்போது உங்கள் பெயரைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது. அந்த ஒன்றை மட்டும் என்னைச் செய்ய வைக்காதீர்கள்.

பனிக்காலம் வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்லி அம்மா சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார். நான் ஆமென் சொல்வதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, அவர் கவனிக்கவில்லை.

நீங்கள் என்றைக்குத் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றாலும் அம்மா எழுந்து நிற்பார், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து, உட்காருங்கம்மா என்று சொல்லும் தகுதியைக் கர்த்தர் உங்களுக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
செங்கம்மாளின் மகள்
பிரிசில்லா