ஒரே பஸ்ஸில் போய்ப் போட்ட சண்டைகள்

என்னோடு ஒருநாளும் ஒத்துப்போகாத, என் பாசத்துக்குரிய பத்றோஸ் அத்தானுக்கு,

அங்கே பூசை எந்த மொழியில் நடக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள். லத்தீன் என்றால் நான் தோற்றதாக இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். மலையாளம் என்றால், உங்கள் முகம் போகிற போக்கை நினைத்து ஆசை தீரச் சிரித்துக்கொள்வேன். நீங்கள் போன பிறகு எனக்கு அப்படிச் சிரிக்க வாய்க்கவில்லை.

இங்கே நம் ஈமெயில் குழுவில் இப்போது உலகம் முடியப் போகிறது. வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பேப்பரில் வந்ததல்லவா, அதையும் மூன்று நாள் இருட்டு வரும் என்ற பழைய தீர்க்கதரிசனத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டும்தான் அந்த இருட்டில் எரியுமாம். குவைத்தில் தேன்மெழுகு எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்க, மெழுகில் எத்தனை பங்கு தேன்மெழுகு இருந்தால் செல்லும் என்று இன்னொருவர் கிளப்ப, ஒரு வாரமாக அதுதான் பேச்சு. நான் அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் போய் ஒரு கட்டு திரி வாங்கி வந்துவிட்டாள். உலகம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் நம் ஊரில் கரண்டு போகும் அல்லவா என்கிறாள். உங்கள் பெண்டாட்டி, உங்களைப் போலத்தான்.

இந்தக் கடிதத்தை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், அத்தான், கொஞ்சம் பொறுங்கள். பத்றோஸ் என் அக்கா ரோஸியின் மாப்பிள்ளை. பஸ் டிப்போவில் சூப்பரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பழைய சம்பிரதாயத்துக் கத்தோலிக்கர். நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்க முழந்தாளிட வேண்டும், கையில் வாங்கக் கூடாது, பெண்கள் முக்காடு போட வேண்டும், கோவிலுக்குள் கிதார் நுழையக் கூடாது. நான் பாரலல் காலேஜ் என்கிற டுட்டோரியலில் இங்கிலீஷ் எடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கிதார் வாசிக்கிறவன். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்ததும், என்னிடம் படித்த ஒரு பையன் பம்பாயிலிருந்து நம்மை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதும் நினைவிருக்கிறதா? ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும். பம்பாய், குவைத், அமெரிக்கா என்று எங்கெங்கோ உட்கார்ந்திருந்த கத்தோலிக்கர்கள், எல்லாம் உங்கள் கட்சி. எதிர்க்கட்சி நான் ஒருவன். சனிக்கிழமை பாறசாலையிலிருந்து ஒரே பஸ்ஸில் ஏறுவோம், ஒரே சீட்டில் இருப்போம். நெய்யாற்றின்கரை வந்து சேரும்வரைக்கும் ரப்பர் விலை, அக்காவின் மூட்டுவலி, பக்கத்துப் பறம்பில் வேலி நகர்ந்த வழக்கு. சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். மாடிப்படி ஏறி இரண்டு கம்ப்யூட்டர் முன்னால் முதுகுக்கு முதுகு உட்கார்ந்ததும் நீங்கள் என்னை ‘இந்தக் காலத்துக் குருடன்’ என்று எழுதுவீர்கள், நான் உங்களை ‘மியூசியம் காவல்காரர்’ என்று எழுதுவேன். உங்கள் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஓங்கிக் குத்தினால் என்னைத்தான் திட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

சென்டர் நடத்திய பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். “சாறே, நிங்ஙள் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸிலல்லே வந்நது? பஸ்ஸிலிருந்நு பறஞ்ஞால் போரே?” பஸ்ஸிலேயே பேசித் தீர்த்தால் போதாதா என்று அவளுக்கு ஆதங்கம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “மக்கா, பஸ்ஸில பேசினா அது சண்டையாக்கும். இங்க எழுதினா விவாதம்.”

விவாதம் முடிந்ததும் கீழே இறங்கி ஆளுக்கொரு பழம்பொரியும் சாயாவும். எவ்வளவு மோசமாகத் திட்டினீர்களோ அவ்வளவு பெரிய பழம்பொரியை என் பக்கம் தள்ளுவீர்கள். அந்த ருசி இனி எந்தக் கடையில் கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமைகளை மறப்பேனா? கோவிலைப் புதுக்கிக் கட்டியபோது பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நன்மை வாங்க இருந்த கிராதியை எடுத்துவிட்டார்கள். எல்லாரும் வரிசையில் நின்று கைநீட்டி வாங்குகிறார்கள். நீங்கள் மட்டும் உங்கள் முறை வந்ததும் கிராதி இருந்த அதே இடத்தில் தடாலென்று முழந்தாளிடுவீர்கள். வரிசை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும். உங்களுக்குப் பின்னால் நிற்கிறவன் கதி என்ன என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா? பாதி நாள் அது நானாக்கும்.

ஆனால் உங்கள் மெயில் ஒன்றுக்கு மட்டும் நான் நேராகப் பதில் எழுதவில்லை. ஏன் இன்னும் லத்தீனைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், ஜனங்களுக்கு விளங்குகிற மொழியில் ஜெபிப்பதில் என்ன குற்றம் என்று நான் கேட்டிருந்தேன். நீங்கள் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதினீர்கள். வீட்டில் தமிழில் செபமாலை சொன்னவர், தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்தவர். லத்தீன் போய் பூசை மலையாளத்தில் வந்த முதல் ஞாயிறு வீட்டுக்கு வந்து அவர் சொன்னாராம்: “முன்ன யாருக்கும் விளங்காது மக்கா. இப்போ எனக்கு மட்டும் விளங்கல்ல.” அதை வாசித்துவிட்டு நான் கிதாரைப் பற்றி வேறு என்னவோ எழுதி ஒப்பேற்றினேன்.

குழுவில் என்னைவிட உங்களை அதிகம் வதைத்தவர் பம்பாய் டிசூசாதான். உங்களையே மிஞ்சிய கண்டிப்புக்காரர். புதுப் பூசைக்குப் போவதே தப்பு என்பது அவர் கட்சி. யாரோ ஒரு முதிய குருவானவர் யாரோ ஒருவர் வீட்டில் லத்தீனில் வைக்கிற பூசைக்காக மாதத்துக்கொரு தரம் ரயிலேறிப் போகிற மனுஷன். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டானாலும் தினமும் நம் கோவிலுக்குப் போனீர்கள் என்பதற்காக உங்களைப் ‘பாதிக் கத்தோலிக்கன்’ என்று எழுதிவிட்டார். அன்று திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ரப்பர் விலைகூடப் பேசவில்லை. எனக்கே கோபம் வந்தது அத்தான். எங்கள் அத்தானைத் திட்ட நான் இருக்கிறேன், அவன் யார்?

பிறகு உங்கள் நாக்கில் வந்த அந்தப் புண். வெற்றிலையும் புகையிலையும் வேண்டாம் என்று அக்கா எத்தனை காலம் தலையில் அடித்துக்கொண்டாள். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் நாக்கில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். நாக்கில்தான் நன்மை வாங்க வேண்டும் என்று உலகம் பூரா எழுதிச் சண்டை போட்ட மனுஷனுக்கு இப்படி. இதைப் பற்றி ஆண்டவரிடம் எனக்கு இன்னும் ஒரு வழக்கு பாக்கி உண்டு. நீங்கள் அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

மூக்குக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது கஞ்சித் தண்ணீர் ஸ்பூன் ஸ்பூனாக இறங்கும், அவ்வளவுதான். நம் கோவில் குருவானவர், அச்சன், நன்மை கொண்டுவந்தார். சின்னத் துணுக்காகத்தான் கிள்ளி வைத்தார். அது இறங்கவில்லை. எச்சிலோடு தாடை வழியாக வழிந்து வந்துவிட்டது. அச்சன் பதறாமல் துணியில் ஏந்தி எடுத்துக்கொண்டார். ஆனால் உங்கள் கண்ணை நான் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் போகும்போதும் அழாத ஆள் அன்று அழுதீர்கள். அதன்பின் அச்சன் படியேறினாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அச்சன் நல்ல மனுஷன். அப்பம் இறங்காவிட்டால் கிண்ணத்தில் உள்ள திரு இரத்தத்தை, அந்தத் திராட்சை ரசத்தை, ஸ்பூனால் ஊட்டலாம், சபை அனுமதித்திருக்கிறது என்றார். நீங்கள் சிலேட்டில் எழுதினீர்கள், கிண்ணம் குருக்களுக்கு உள்ளது, எனக்கு இல்லை என்று. புதுச் சட்டத்தில் உண்டு என்றார் அவர். புதுச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் சிலேட்டையே கவிழ்த்துப் போட்டுவிட்டீர்கள். நானும் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள்?

அன்று அக்கா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள். “கல்யாணம் ஆன நாள்முதல் பூசை தப்பினதில்ல இந்த மனுஷன். நன்மை இல்லாம அனுப்ப என்னால ஒக்காது மக்கா. நீ என்னமாவது செய்யி.” அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். டாக்டர் நாள் அதிகம் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் தனியாகப் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். பக்கத்து சீட் காலி. உள்ளதை உள்ளபடி குழுவுக்கு எழுதினேன். அத்தானுக்கு இப்படி, அச்சன் சொல்வது இப்படி, அவர் மறுப்பது இப்படி, நான் என்ன செய்யட்டும் என்று. எதிர்க்கட்சிக்காரன் கெஞ்சினால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டி நிறையப் பதில். மனதால் ஆசைப்பட்டு வாங்கும் நன்மையே போதும் என்று பாதிப் பேர். அச்சன் சொல்லைக் கேட்கச் சொல் என்று மீதிப் பேர். உங்களுக்காக முழந்தாளிட்டு ஜெபிப்பதாக எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியாக டிசூசா. நீளமான மெயில். ராத்திரி முழுக்கப் பழைய புத்தகங்களைப் புரட்டினாராம். அப்பம் விழுங்க முடியாத நோயாளிக்கும், பல் முளைக்காத கைக்குழந்தைக்கும் திரு இரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிற வழக்கம் ரோமைச் சபையிலேயே பழங்காலத்தில் இருந்தது, லத்தீன் பூசையைவிட அது ஒன்றும் புதிது அல்ல என்று எழுதி, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றும் கொடுத்திருந்தார். அடியில் தனியாக ஒரு வரி. பத்றோஸ் பாதி அல்ல, முழு என்று.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். நீங்கள் கண்ணாடி கேட்டு வாங்கி வாசித்தீர்கள். அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை, நாளைக்கு அச்சனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். சிலேட்டை இழுத்து எழுதினீர்கள்: ‘கூப்பிடு. ஆனா நீ ஜெயிக்கல்ல. டிசூசாவாக்கும் ஜெயிச்சது.’

மறுநாள் காலையில் அச்சன் வீட்டு முன்னறையிலேயே பூசை வைத்தார். மலையாளத்தில்தான். நீங்கள் எதிர்ப்புச் சொல்லவில்லை. அந்த நேரம் வந்தபோது நீங்கள் கட்டிலைவிட்டு இறங்கக் காலை நீட்டினீர்கள். வேண்டாம் அத்தான் என்று நான் சொன்னது காதில் விழவே இல்லை. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான், இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தாங்கி உங்களை முழந்தாளிட வைத்தோம். எலும்பும் தோலுமாக எவ்வளவு கனமில்லாமல் இருந்தீர்கள். அச்சன் ஸ்பூனால் ஊட்டினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தொண்டை ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தோம். அக்கா அழுதாள், நானும் அழுதேன். நீங்கள் மட்டும் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி இருந்தீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் வாங்கினீர்கள், போகிற அன்று காலை வரைக்கும். உங்கள் பெயரில் குழுவுக்கு நான் ஒரே ஒரு மெயில் போட்டேன். ‘வாங்கினேன். நன்றி.’ அதற்கு மறுப்பு எழுதியவர் ஒருவரும் இல்லை. நம் குழுவில் அப்படி நடந்தது அந்த ஒரு தரம்தான்.

இப்போது உண்மையான செய்திக்கு வருகிறேன். திரியைப் பற்றியெல்லாம் சும்மா சொன்னது. போன வாரம் குவைத்திலிருந்து ஒரு நர்ஸ் குழுவில் எழுதியிருந்தாள். ஊர் கோட்டுகால், இங்கே நமக்குப் பக்கம்தான். அவள் அப்பாவுக்குத் தொண்டையில் அடைப்பு, கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. கிண்ணம் குருக்களுக்கு உள்ளது என்று அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறாராம். அச்சன் சொல்லியும் கேட்கவில்லை, பிள்ளைகள் அழுதும் கேட்கவில்லை. லீவு கிடைக்காமல் அவள் அங்கே தவிக்கிறாள். குழுவில் வழக்கம்போல இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சிக்கும் எழுதவில்லை. வீட்டு அடையாளம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். டிசூசாவின் மெயிலை இன்னொரு பிரதி எடுத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கிதாரை வேறு பையனிடம் கொடுத்துவிட்டு நான் கோட்டுகால் போகிறேன். அக்காவும் வாறேன் என்கிறாள். பழைய ஆள், யார் எவர் என்று கேட்காமல் என்னைப் பக்கத்தில் உட்கார விடமாட்டார். கிதார் வாசிக்கிறவன் என்று சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார், இங்கிலீஷ் வாத்தியார் என்றாலும் அப்படித்தான். அவரிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு அடையாளம்தான் உண்டு. அதைச் சொல்லி உள்ளே போவேன், நடந்ததை அப்படியே சொல்வேன், அவர் வாங்காமல் அந்த வீட்டுப் படி இறங்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
பத்றோஸின் மச்சினன்,
வின்சென்ட்